விருத்தாசலம் தாண்டினால் ஒரு ரிங்

விருத்தாசலத்தில் ரயில் கிளம்பி, பிளாட்பாரம் முடிந்ததும் பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கும். அந்தக் குலுக்கலோடு எங்கள் பெட்டியில் பேச்சு நின்றுவிடும். அரசியல் பேசிக்கொண்டிருந்தவர் பாதி வாக்கியத்தில் நிறுத்துவார். பூக் கட்டிக்கொண்டிருந்த பெண் நாரைப் பல்லில் கடித்துக்கொள்வாள். ஆளுக்கு ஒரு போனை எடுத்து, நம்பரை அழுத்தி, காதில் வைத்து, ஒரு ரிங் போனதும் கட் பண்ணுவார்கள். பிறகு அரசியல் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

புதிதாக ஏறியவர் ஒருவர் இதைப் பார்த்து மிரண்டு, "என்ன சார், எல்லாருக்கும் ஒரே நேரத்துல லைன் கட்டாவுது?" என்று கேட்டார். பெட்டியே சிரித்தது. அது சேலத்திலிருந்து கடலூர் போகும் சாயங்கால பாசஞ்சர். தினமும் அதில் வருகிற எங்களுக்கென்று ஒரு மிஸ்டு கால் சட்டம் இருந்தது. ஒரு ரிங் என்றால் விருத்தாசலம் தாண்டியாகிவிட்டது, நேரத்துக்கு வருகிறேன். இரண்டு என்றால் லேட். மூன்று என்றால் ஸ்டேஷனுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வா. இவற்றையெல்லாம்விடப் பெரிய சட்டம் ஒன்று உண்டு. வீட்டில் இருப்பவர்கள் எக்காரணம் கொண்டும் போனை எடுக்கக் கூடாது. எடுத்தால் காசு போய்விடும்.

வடலூரிலிருந்து வரும் டீச்சர் ஒருவர் எப்போதும் என் பக்கத்தில் உட்காருவார். அவருடைய வீட்டுக்காரர் ஒருநாள் பழக்கதோஷத்தில் போனை எடுத்து "ஹலோ" என்று சொல்லிவிட்டார். டீச்சர் அவரை அந்த நிமிடமே திட்ட ஆரம்பித்து, வடலூர் ஸ்டேஷனில் நேரில் பார்த்தும் மிச்சத்தைத் திட்டினார் என்று கேள்வி. அதற்குப் பிறகு அந்த மனிதர் எடுக்கவே இல்லை. நாங்கள் வீட்டாரைப் பழக்கியது அப்படி.

சின்னசேலத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் எனக்குத் தட்டச்சர் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு, நெய்வேலி குவார்ட்டர்ஸ் சமையலறையில், குக்கர் சத்தத்துக்கு நடுவே படித்து எழுதி, இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை வாங்கிய வேலை அது. நகரியத்தில் என் கணவருக்கு இருந்தது பெர்மனென்ட் வேலை, சுரங்கத்தில் மெஷின் ஓட்டுவது. "அவருக்கு இவ்வளவு நல்ல வேலை இருக்கே, நீ எதுக்கு ரயில்ல தொங்கிக்கிட்டுப் போகணும்?" என்று எங்கள் பிளாக்கில் கேட்காத ஆள் இல்லை. நான் தொங்கவில்லை, சீட் பிடித்து உட்கார்ந்துதான் போகிறேன் என்று பதில் சொல்வேன். அவர்கள் புரிந்த மாதிரியே காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

பையன் பிறந்து, பிரசவ விடுப்பு முடிந்து, மறுபடி வேலைக்குப் போகும் நாள் வந்தபோதுதான் உண்மையான வழக்கு ஆரம்பித்தது. என் மாமியாரும் நானும் திருநெல்வேலிப் பக்கம். பேறுகாலத்துக்கு வந்து தங்கியிருந்த அத்தை, மாமாவுக்கு முட்டுவலி அதிகமாகிவிட்டதால் ஊருக்குத் திரும்ப வேண்டியிருந்தது. கிளம்பும் அன்று பெட்டியைக் கட்டிவைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏளா, உன் வேலையை நான் குத்தம் சொல்லல. ஆனா பால்குடி பிள்ளையை விட்டுட்டுப் போறது எனக்குச் சரியாப் படல. தீபாவளி வரைக்கும் பாக்கேன். அதுக்குள்ள ஒருநாள் பிள்ளை பசியில கெடந்து கத்துனான்னு என் காதுக்கு வந்துதோ, நீ வேலையை எழுதிக் குடுத்துரணும். சம்மதமா?"

கணவரைப் பார்த்தேன். "உன் இஷ்டம்" என்றார். எங்கள் வீட்டு ஆண்கள் "உன் இஷ்டம்" என்று சொன்னால் அது சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. நாளைக்கு ஏதாவது ஆனால் பழி உனக்கு என்று அர்த்தம். நான் அத்தையிடம், "சம்மதம்" என்றேன். வீம்புதான். வேறு என்ன சொல்வது?

பையனைப் பார்த்துக்கொள்ள, நகரியத்தை ஒட்டிய வடக்குத்து என்ற ஊரிலிருந்து ஒரு அக்கா வந்தார். முந்திரிக் காட்டிலும் கரும்புக் கொல்லையிலும் கூலிக்குப் போனவர். அவருடைய கணவர் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் ஆள். காலையில் நான் பால் கொடுத்துவிட்டுக் கிளம்புவேன். மத்தியானம் கேழ்வரகுக் கூழ் நாலு வாய் வாங்குவான். பொழுது இறங்கிவிட்டால் அவ்வளவுதான், கூழ், புட்டிப்பால், பாலாடை எதைக் கொண்டுபோனாலும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு சுவரைப் பார்ப்பான். நான் வந்து மடியில் போட்டால்தான் வாய் திறக்கும். பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று கணவர் கேட்பார். கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொள்வார்.

அவர் முதல் ஷிப்டில் இருக்கும் வாரங்களில் கவலை இல்லை, சாயங்காலம் வீட்டில் இருப்பார். செகண்ட் ஷிப்ட் வாரம்தான் சிக்கல், மத்தியானம் போனால் ராத்திரிதான் வருவார். சுரங்கத்துக்குள் அவர் இருக்கும் இடத்தில் சிக்னல் கிடைக்காது. வீட்டில் அக்காவும் பையனும் மட்டும்தான்.

அக்காவுக்கு ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடுத்தேன். அவருக்கு எழுத்து வாசிக்க வராது. அதனால் ஆளுக்கு ஒரு சத்தம் வைத்தேன். என் நம்பருக்குக் குருவிச் சத்தம். அத்தை நம்பருக்கு நாதஸ்வரம். மற்ற எல்லாவற்றுக்கும் போனோடு வந்த ட்ரிங் ட்ரிங்.

"குருவி கத்துனா எண்ணுங்க, எடுக்காதீங்க அக்கா. நாதஸ்வரம் வந்தா மட்டும் ஓடிப்போய் எடுக்கணும்."

"சாதா மணி அடிச்சா?"

"அதையும் எடுக்காதீங்க."

அதற்கு ஒரு காரணம் இருந்தது. வாங்கிக் கொடுத்த வாரத்திலேயே ஏதோ ஒரு நம்பரிலிருந்து போன் வந்திருக்கிறது. அக்கா எடுக்க, ஒரு பெண் குரல் அன்பாக ஒன்றை அழுத்தச் சொல்லியிருக்கிறது. அக்காவும் அன்பாக அழுத்திவிட்டார். காலர் ட்யூன் வந்து, இருந்த பேலன்ஸ் எல்லாம் போய்விட்டது. "பாட்டு எனக்குக் கேக்கவே இல்லியேங்க, யாருக்கோ கேக்குறதுக்கு நான் ஏங்க காசு குடுக்கணும்?" என்று இரண்டு நாள் புலம்பினார். அதிலிருந்து ட்ரிங் ட்ரிங் என்றாலே போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுவார்.

அத்தைக்கு எங்கள் மிஸ்டு கால் சட்டமெல்லாம் ஆகவே ஆகாது. "அடுத்த வீட்டு மணியை அடிச்சிட்டு ஓடுற சின்னப் பிள்ளைய மாதிரி என்னளா இது? ஒரு வார்த்தை பேசுனா கொறைஞ்சா போயிருவீங்க?" என்பார். அவர் கூப்பிட்டால் பேசுவார், நாம் கூப்பிட்டால் எடுப்பார். தினமும் காலையில், நான் கிளம்பிப் போனபிறகு அக்காவின் போனுக்குக் கூப்பிட்டு, அதைப் பையன் வாயருகே பிடிக்கச் சொல்லி, அவன் போடும் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. பாசமும் இருந்தது, வேவும் இருந்தது. எது எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

தீபாவளிக்குச் சில நாட்களே இருந்தன. அன்று காலையிலிருந்தே காற்றும் மழையும். கணவருக்கு செகண்ட் ஷிப்ட். பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர்கள் பண்டிகைக்கு முன்னதாகவே ஊருக்குப் போய்விட்டார்கள். சின்னசேலத்தில் வண்டி நேரத்துக்கு வந்தது. விருத்தாசலத்திலும் நேரத்துக்குக் கிளம்பியது. பெட்டி குலுங்கியது. நான் வீட்டுக்கு ஒரு ரிங் கொடுத்தேன்.

அந்த ஒரு ரிங்குக்கு எங்கள் வீட்டில் இன்னொரு அர்த்தமும் இருந்தது. அது வந்துவிட்டால் அக்கா பையனுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது. நல்ல பசியோடு இருந்தால்தான் நான் போனதும் வயிறு நிறையக் குடிப்பான். எனக்கும் அந்த நேரத்துக்கெல்லாம் மார் கட்டி வலிக்க ஆரம்பித்துவிடும், துப்பட்டாவை மேலே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆக அந்த ஒரு ரிங் நான் என் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு.

ரயில் ஊத்தங்கால் ஸ்டேஷனில் நின்றது. நெய்வேலிக்கு முந்தின ஸ்டேஷன் அது. வழக்கமாக நின்ற வேகத்தில் கிளம்பும். அன்று கிளம்பவில்லை. யாரோ இறங்கிப் போய்க் கேட்டுவிட்டு வந்து, "முன்னாடி லைன்ல மரம் விழுந்து கெடக்குதாம். வெட்ட ஆள் போயிருக்காம்" என்றார். எவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, மரத்தைக் கேட்டால்தான் தெரியும் என்றார்.

பெட்டி முழுக்கப் போன்கள் வெளியே வந்தன. லேட் என்றால் இரண்டு ரிங், எல்லாரும் கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் உறைத்தது. ஒன்று கொடுத்த பிறகு இரண்டு கொடுத்தால் என்ன அர்த்தம்? எங்கள் சட்டத்தில் அது இல்லை. இரண்டும் சேர்ந்து மூன்று என்று அக்கா எண்ணியிருப்பாரா? இனிப் பேசித்தான் ஆக வேண்டும் என்று முழுசாகக் கூப்பிட்டேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தால் பெட்டியில் எல்லாரும் என்னைப் போலவே போனைக் காதில் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவருக்கும் மறுமுனையில் பதில் இல்லை. டீச்சர் வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் ரிங் முடியும் முன்பே கட் பண்ணினார்.

"கட் பண்றாருடி! பெருமையா கட் பண்றார் பாரு!" டீச்சருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "அன்னைக்கு ஒரு ஹலோ சொன்னதுக்கு அந்தத் திட்டு திட்டினேன். இன்னைக்கு நான் செத்தாக்கூட எடுக்க மாட்டார்."

மற்ற நாளாக இருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். டீச்சர் தன் போனைக் கொடுத்து, "இதுலேருந்து போடு, வேற நம்பர்னு எடுப்பாங்க" என்றார். போட்டேன். எடுக்கவில்லை. எடுக்க மாட்டார். ட்ரிங் ட்ரிங் என்றால் எடுக்காதீர்கள் என்று சொன்னதே நான்தானே. கணவருக்குப் போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மார்பு வலித்தது. துப்பட்டாவுக்குள் சுடிதார் நனைந்துவிட்டது எனக்கே தெரிந்தது. அங்கே என் பிள்ளை உதட்டை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். கூழைக் கொடுத்துப் பார்க்கலாம் என்றுகூட அக்காவுக்குத் தோன்றாது. ஒரு ரிங் வந்தாகிவிட்டதே, அம்மா இதோ வந்துவிடுவாள் என்று அவனிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்த வீட்டுக்குள் போகும் வழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நாதஸ்வரம்.

அதாவது நான் அத்தையைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டு, என் பிள்ளை பசியோடு இருக்கிறான், என்னால் போய்ச் சேர முடியவில்லை என்று என் வாயாலேயே சொல்ல வேண்டும். எது அவர் காதுக்குப் போகக் கூடாதோ அதை நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கூப்பிடாவிட்டால் அவருக்குத் தெரியவே வராது. அக்கா சொல்ல மாட்டார். கணவரும் சொல்ல மாட்டார். மரத்தை வெட்டினால் ரயில் கிளம்பிவிடும், அதுவரை அழுதால்தான் என்ன, எந்தப் பிள்ளை அழாமல் வளர்ந்தது? இப்படியும் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

கதவோரம் போய் நின்றேன், அங்கேதான் சிக்னல் கொஞ்சம் இருந்தது. மழைச் சாரல் முகத்தில் அடித்தது. அத்தைக்குப் போட்டேன். ஒரே ரிங்கில் எடுத்தார்.

"என்னளா இந்நேரத்துல?"

"அத்தை, ரயில் ஊத்தங்கால்ல நிக்குது. லைன்ல மரம் விழுந்திருக்கு. எப்ப எடுக்கும்னு தெரியல. வீட்டுல அக்கா என் போனை எடுக்க மாட்டேங்காங்க, நீங்க கூப்பிட்டா எடுப்பாங்க. பிள்ளைக்குப் பால் காய்ச்சிப் பாலாடையில குடுக்கச் சொல்லுங்க. பசியா இருப்பான்."

கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன், ஆகவில்லை.

"பசியா இருப்பான்" என்று நான் சொன்னதையே அத்தை ஒருமுறை சொன்னார். பிறகு, "சரி, வை" என்றார்.

கொஞ்ச நேரம் பொறுத்துத் திரும்பக் கூப்பிட்டேன், எங்கேஜ்டு. மறுபடியும் எங்கேஜ்டு. அதற்குள் என் போன் சார்ஜ் தீர்ந்து அணைந்தது. இனி எனக்கு எந்தச் செய்தியும் வராது, என்னிடமிருந்தும் எதுவும் போகாது. சரி, கால் இருக்கிறது என்று பையைத் தோளில் மாட்டினேன்.

"எங்கடி போற? மரத்தை எடுத்துடுவாங்க, இரு" என்று டீச்சர் கையைப் பிடித்தார்.

"எடுக்கட்டும் டீச்சர். நான் அதுக்கு முன்னாடி போயிடுறேன்."

டீச்சர் தன் குடையைக் கொடுத்தார். ஸ்டேஷனிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் சேறு. செருப்பு ஒருமுறை சேற்றில் மாட்டி வார் அறுந்தது, இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். வேலைக்குப் போகிறவள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவள் வெறுங்காலோடு ரோட்டோரம் நின்று, வருகிற வண்டிக்கெல்லாம் கை காட்டினேன். பஸ் ஒன்று நிற்காமலே போய்விட்டது. பிறகு சுரங்கத்துக்குக் காண்ட்ராக்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் வேன் ஒன்று நின்றது. உள்ளே நிற்கத்தான் இடம். ஒரு பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து இடம் கொடுத்தார், எதுவும் கேட்கவில்லை.

வேனில் போகும்போது அத்தையிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். வேலையை விட மாட்டேன். தீபாவளி வரைக்கும் என்று ஒத்துக்கொண்டது வாஸ்தவம்தான். ஆனால் மரம் விழுந்ததற்கு நான் எப்படிப் பொறுப்பு? நீங்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, ரயிலேறி வந்து சத்தம் போட்டாலும் சரி, வேலையை எழுதிக் கொடுக்க மாட்டேன். மூன்று முறை எழுதி வாங்கியது. உதடு அசைந்திருக்க வேண்டும், பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

நகரியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மந்தாரக்குப்பத்தில் இறங்கி, ஒரு ஆட்டோவைப் பிடித்து எங்கள் பிளாக்குக்குப் போனேன். வாசல் விளக்கு எரிந்தது. கதவில் பூட்டுத் தொங்கியது.

அந்தப் பூட்டைப் பார்த்தபோது எனக்கு வந்த பயத்தை இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பையனுக்கு ஏதோ ஆகி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்விட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. பக்கத்து வீடு இருட்டு. கேட்க ஆள் இல்லை. ஆட்டோக்காரர், "எங்கம்மா போவணும்?" என்றார். "வடக்குத்து" என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியாது. அக்கா இருந்தால் பிள்ளையும் இருப்பான், அவ்வளவுதான் கணக்கு.

வடக்குத்தில் அக்கா வீடு எனக்குத் தெரியும். அவருடைய மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து அங்கேதான் இருந்தாள். குழந்தை பிறந்தபோது நான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். ஆட்டோ நின்றதும் உள்ளே எட்டிப் பார்த்தேன். தூளியில் அவளுடைய குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கீழே பாயில் சுவரில் சாய்ந்து அவள் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் என் பிள்ளை. அவள் மார்பில் வாய் வைத்து, ஒரு கையால் அவள் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக் குடித்துக்கொண்டிருந்தான்.

நிம்மதிதான் முதலில் வந்திருக்க வேண்டும். வரவில்லை, பொறாமைதான் வந்தது. என் கயிற்றைப் பிடிக்கிற கை அது. எனக்காக மட்டும் திறக்கும் வாய் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேனே! பிறகுதான் அவன் முழுங்குகிற சத்தம் காதில் விழுந்தது, அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்துப் பதறி அவனை எடுக்கப் போனாள்.

"எடுக்காத. குடிக்கட்டும்" என்றேன்.

அக்கா உள்ளேயிருந்து ஓடி வந்தார். என் கோலத்தைப் பார்த்துத் துண்டு கொண்டுவந்து தலையில் போட்டார். பேச்சு மட்டும் கோபமாக இருந்தது.

"ஒரு தரம் கத்துச்சி, சரி, வந்துகினு இருக்காங்கன்னு கூழுகூட கரைக்காம வுட்டுட்டேன். அப்பறம் பாத்தா குருவி கத்துது, கத்துது, கத்திகினே கெடக்குது! இத்தினி தரம் நம்ம கணக்குலயே இல்லியேங்க. எடுக்கலாம்னு கை போவுது, நீங்கதான் எடுக்காதீங்கன்னு சொல்லிட்டீங்களே. புள்ள வேற அழுதுகினே இருக்குது. அப்பதான் மேளம் அடிச்சிது. பெரியம்மா."

"என்ன சொன்னாங்க?"

"பால் காய்ச்சிக் குடுன்னாங்க. போனை வெக்காம அப்படியே வெச்சிகினு குடுத்தேன். துப்பிப்புட்டுது. கூழும் துப்பிப்புட்டுது. அழுது அழுது தொண்டயே கட்டிப்போச்சி. எனக்கு மனசு கேக்கல. 'பெரியம்மா, எம் பொண்ணு பால் குடுக்குறவ, வூட்டுலதான் இருக்கா, தூக்கிகினு போவட்டுமா? நீங்க ஒண்ணும் நெனச்சிக்க மாட்டீங்களே, நாங்க...' அப்படின்னு இழுத்தேங்க."

அக்கா அந்த இடத்தில் நிறுத்தினார். அவர் எதை இழுத்தார் என்று அந்த வீட்டில் இருந்த எல்லாருக்கும் தெரியும். குவார்ட்டர்ஸுக்கு வந்த முதல் வாரம், தனக்கென்று ஒரு டம்ளரைத் தனியாக எடுத்துவைத்தவர் அவர். நான் அதை எல்லாவற்றோடும் சேர்த்துக் கவிழ்த்தாலும் மறுநாள் தேடி எடுத்துத் தனியாக வைப்பார்.

"அதுக்கு?" என்றேன்.

"செத்த பொறுத்து, 'பிள்ளை அழுறது எனக்கு இங்க கேக்கு. நீ நின்னு பேசிக்கிட்டு இருக்கியே, தூக்கிட்டு ஓடு'ன்னு ஒரு சத்தம் போட்டாங்க பாருங்க! கதவப் பூட்டிகினு ஒரே ஓட்டமா வந்துட்டேன்."

நான் நம்பவில்லை. அக்காவிடம் பொய் கிடையாது, இருந்தாலும் நம்பவில்லை. பையன் குடித்து முடித்து, வாயோரம் பால் வழிய, அந்தப் பெண்ணின் தோளில் ஏப்பம் விட்டான். அவனை வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அக்கறையே இல்லாமல் தூங்கிப்போனான்.

அலமாரியில் நாதஸ்வரம் அடித்தது. அக்கா போனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"அத்தை, நான்தான்."

"வந்து சேந்துட்டியா?"

"வந்துட்டேன். தூங்குதான்." அப்புறம் மூச்சு விடாமல், வேனில் ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன். "அத்தை, நான் வேலையை விட மாட்டேன். சம்மதம்னு சொன்னேன்தான், இல்லங்கல. ஆனா விட மாட்டேன். நாளைக்கும் இதே ரயில்லதான் போவேன்."

"இப்ப யாரு உன்னை விடச் சொன்னா?"

எனக்கு அடுத்த வரி மறந்துவிட்டது. இந்தப் பதிலுக்கு நான் ஒத்திகை பார்க்கவில்லை.

"எங்கிட்ட மறைக்கணும்னா மறைச்சிருக்கலாம். நீ மறைக்கல. எங்கிட்டச் சொன்னா வேலை போயிரும்னு தெரிஞ்சுதானே கூப்பிட்ட?" அத்தையின் குரல் கொஞ்சம் இறங்கியது. "உன் வீட்டுக்காரன் மூணு மாசப் பிள்ளையா இருக்கையில எனக்கு டைபாய்டு காய்ச்சல். பால் குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. வயல் வேலைக்கு வந்த ஒருத்திதான் குடுத்தா. காய்ச்சல் விடுற வரைக்கும் அவதான். அவ யாரு எவன்னு அன்னைக்கு உங்க மாமா கேக்கல, நானும் கேக்கல. பொறவு அதை ஒருத்தர்கிட்டயும் சொல்லல. அவன்கிட்டகூடச் சொன்னதில்ல. சொல்லிருக்கணும்."

எனக்கு அழுகை வந்தது. அக்காவுக்குத் தெரியக் கூடாது என்று திரும்பிக்கொண்டேன். அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அந்தப் பிள்ளைக்குத் தீபாவளிக்கு நல்லதா ஒரு சேலை எடு. நான் எடுக்கச் சொன்னேன்னு சொல்லிக் குடு. கேக்கியா?"

"கேக்கேன் அத்தை."

"இன்னொண்ணு. நாளையிலேருந்து விருத்தாசலம் தாண்டுனதும் அந்த எழவெடுத்த மிஸ்டு காலை எனக்கும் ஒண்ணு குடு. எனக்கும் தெரியணும்லா."

மறுநாள் காலையில் கிளம்பும் முன் சட்டத்தைத் திருத்தினேன். நாலாவது தடவை குருவி கத்தினால் அக்கா எடுத்தே தீர வேண்டும், காசு போனால் போகட்டும். கணவர் எல்லாவற்றையும் கேட்டார். தன் அம்மாவுக்குப் போன் போட்டுக்கொண்டு வெளியே போனவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அந்த முறை "உன் இஷ்டம்" என்று சொல்லவில்லை. என் டிபன் பாக்ஸை எடுத்துக் கையில் கொடுத்தார்.

சாயங்காலம் விருத்தாசலத்தில் ரயில் கிளம்பியது. பிளாட்பாரம் முடிந்து பெட்டி குலுங்கியது. பேச்சு நின்றது. ஆளாளுக்குப் போனை எடுத்தார்கள். டீச்சர் வீட்டுக்கு ஒரு ரிங் கொடுத்துவிட்டு, அவர் எடுத்துவிடுவாரோ என்று பயந்து சட்டென்று கட் பண்ணினார். நான் வீட்டுக்கு ஒரு ரிங் கொடுத்தேன். பிறகு திருநெல்வேலிக்குப் போட்டு, ஒரு ரிங் போனதும் கட் பண்ண விரலைத் தயாராக வைத்திருந்தேன்.

ரிங் பாதி போகும் முன்பே அத்தை எடுத்துவிட்டார்.

"தாண்டிட்டியாளா?" என்றார்.